ஊடுருவலா, இயல்பான அமைப்பா? கண்டறிவது எப்படி?

மாணவர்களே, கணினித் திரையில் விளங்காத ஒரு சொல்லோ எண்ணோ தெரிந்ததும், "யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்" என்று நீங்கள் பதறியது உண்டா? அந்தப் பதற்றத்தைப் பயன்படுத்தியே பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறிய, நீங்கள் அறிவியல் பாடத்தில் கற்ற ஒரு வழிமுறை உதவும்.

ஒப்பிட ஒன்று வேண்டும்

உரத்தின் பயனைச் சோதிக்க ஒரு செடிக்கு உரமிடுவோம். பக்கத்தில் உரமிடாத இன்னொரு செடியையும் வைப்போம். இரண்டும் ஒரே அளவு வளர்ந்தால், வளர்ச்சிக்கு உரம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கணினிக்கும் இதே விதி பொருந்தும். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் காணப்படும் ஓர் அடையாளம், ஊடுருவலுக்குச் சான்று ஆகாது.

கரடிப் படம் போட்ட கோப்பு

2002ஆம் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. "உங்கள் கணினியில் ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் படம் ஒரு குட்டிக் கரடி. அது ஒரு நச்சுநிரல். உடனே அழியுங்கள். நண்பர்களுக்கும் தெரிவியுங்கள்" என்பதே அதன் சாரம்.

தேடியவர்களுக்குக் கோப்பு கிடைத்தது. கரடிப் படமும் இருந்தது. "சொன்னது உண்மைதான்" என்று நம்பிப் பலர் அதை அழித்தார்கள், நண்பர்களுக்கும் அனுப்பினார்கள். உண்மையில், அது விண்டோஸுடன் சேர்ந்தே வந்த, ஜாவா நிரல்களில் பிழை பார்க்க உதவும் சாதாரணக் கோப்பு. அந்தக் காலத்து விண்டோஸ் கணினிகளில் பரவலாக இருந்தது. யார் தேடினாலும் கிடைக்கும் ஒன்று, எப்படி நோயின் அடையாளமாகும்? அங்கே கணினிக்குக் கெடுதல் செய்தது நச்சுநிரல் அல்ல, பயம்தான்.

மோசடிக்காரர்கள் காட்டும் மூன்று "சான்றுகள்"

இன்று அதே தந்திரம் தொலைபேசி வழியாக வருகிறது. "தொழில்நுட்ப உதவிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினி தாக்கப்பட்டுள்ளது" என்பார்கள். பிறகு, உங்களையே கணினியைத் திறக்கச் சொல்லி இவற்றைக் காட்டுவார்கள்:

1. சிவப்பு, மஞ்சள் குறிகள். விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' என்ற பதிவேடு உண்டு. ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினாலும், ஒரு செயலி பதில் தராமல் போனாலும் அதில் பதிவாகும். நன்றாக ஓடும் கணினியிலும் இத்தகைய குறிகள் நிறைய இருக்கும்.

2. "வெளிநாட்டு" முகவரி. 'நெட்ஸ்டாட்' என்ற கட்டளை, கணினியின் இணைப்புகளைப் பட்டியலிடும். அதில் 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பு இருக்கும். வெளிநாட்டுத் திருடர்களின் முகவரி இது என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே 'இணைப்பின் மறுமுனை' என்பதே பொருள். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே அங்கே முகவரிகள் தோன்றும். 127.0.0.1 என்ற முகவரியோ உங்கள் சொந்தக் கணினிதான். கணினிக்குள் இருக்கும் நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள அதைப் பயன்படுத்துகின்றன.

3. "இரகசிய" எண். 'அசாக்' என்ற கட்டளையை இடச் சொல்லி, 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண்ணை மோசடிக்காரர் வாசித்துக் காட்டுவார். "இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண். எங்களுக்குத் தெரிகிறது, பாருங்கள்" என்பார். ஆனால் அந்த எண் விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் ஒன்றுதான். உங்கள் நண்பரின் கணினியில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இவற்றைக் காட்டிய பிறகு, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பார்கள், அல்லது பணம் கேட்பார்கள். அதுவரை நடக்காத ஊடுருவல் அந்த அனுமதிக்குப் பிறகுதான் நடக்கும்!

நீங்களே காணக்கூடிய இரண்டு

டெலிமா போன்ற பள்ளிக் கணக்கின் வழி குரோமில் நுழைந்தால், "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வாசகம் தோன்றலாம். கணக்கை வழங்கியவர் சில விதிகளை அமைத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். பள்ளிக் கணக்கோ அலுவலகக் கணக்கோ இல்லாத கணினியில் அது திடீரெனத் தோன்றினால், காரணத்தைத் தேட வேண்டும்.

அடுத்தது, 'டாஸ்க் மேனேஜர்' பட்டியலில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பல முறை வருவது. விண்டோஸின் பின்னணிச் சேவைகளை இயக்கும் நிரல் அது. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனியே இயங்குகின்றன. அதனால் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. தீய நிரல்களும் இந்தப் பெயரைச் சூடிக்கொள்வது உண்டு. எனவே எத்தனை இருக்கிறது என்பதைவிட, எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். உண்மையான கோப்பு விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் இருக்கும். பதிவிறக்கக் கோப்புறையில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மையான அடையாளங்கள்

• நீங்கள் மாற்றாமலேயே கடவுச்சொல் மாறியிருப்பது
• நீங்கள் அனுப்பாத செய்திகள் உங்கள் பெயரில் சென்றிருப்பது
• அறிமுகமில்லாத சாதனம் உங்கள் கணக்கில் நுழைந்திருப்பது
• நீங்கள் அமைக்காமலேயே உங்கள் மின்னஞ்சல்கள் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்படுவது

நல்ல நிலையில் உள்ள கணக்கில் இவை நிகழ்வதில்லை. இவற்றில் ஒன்றைக் கண்டால், வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். இருநிலைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் செய்யலாம். பணம் பறிபோயிருந்தால், சிறிதும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டுக் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையோடு 'ஈவன்ட் வியூவரை'த் திறந்து, ஒரு வாரத்தின் சிவப்புக் குறிகளை எண்ணுங்கள். எதையும் அழிக்காதீர்கள். பிறகு இக்கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

1. இரண்டு கணினிகளிலும் குறிகள் இருந்தால், அவற்றை ஊடுருவலின் சான்றாகக் கொள்ளலாமா? ஏன்?

2. "இந்தக் கோப்பு உங்களிடம் இருந்தால் ஆபத்து" என்ற செய்தி உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், அதைப் பகிரும் முன் எதைச் சோதிப்பீர்கள்?