நாடியும் இருதயப் பொறியும்

ஒருவர்க்கு உயிர் உண்டோ இல்லையோ என்றறிய விரும்புவார் முதற்கண் அவர் கையைப் பற்றி நாடி பார்ப்பர். 'நாடி விழுந்தது' என்னின் உயிர் போயிற்றென்றே நம் வழக்குப் பொருள் கொள்ளும். தமிழ் ஆனர்ஸ் பயிலும் எமக்கு மருத்துவப் பொறியோடு என்ன தொடர்பென்று வினவுவார்க்கு இச்சொல்லையே விடையாகக் காட்டுவோம். நாடி கைக்கு அகப்படாமலே உண்டும் உலாவியும் வாழ்வார் இக்காலத்து உளராதலின்.

இருதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதியைச் செலுத்துவது. அதன் தசை தளர்ந்து, மருந்திற்கும் அடங்காத நிலை எய்தியவர்க்குப் பிறர் இருதயத்தைப் பொருத்துதல் ஒரு வழி. அதனை வேண்டுவோர் பலர். கிடைக்கும் இருதயங்களோ சில. ஆதலின், இடக் கீழறைக்குத் துணைநிற்கும் பொறியொன்றை ஆக்க அறிஞர் முயன்றனர். 1966-இல் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி பொருத்திய பொறி ஒரு பெண்மணியை 10 நாள் தாங்கிற்று. இருதயம் தேறியபின் பொறி நீக்கப்பட, அவர் பிழைத்தார்.

அக்காலத்துப் பொறிகள் இருதயத்தைப் போன்றே குருதியைத் துடித்துத் துடித்துத் தள்ளுவன. இயற்கையைப் பின்பற்றுதலே தக்கதென அவற்றை ஆக்கியோர் கருதினர் போலும். அவ்வகைப் பொறியை 129 நோயாளரிடை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டு கழிந்தபின், மருந்து மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 25 பேரும், பொறி பெற்றோருள் 52 பேரும் உயிரோடிருந்தனர். இஃது அரும்பெரும் பயனே. எனினும், ஓயாது அசையும் உறுப்புக்கள் தேய்ந்தமையால், ஈராண்டிற்குள் பொறிகள் பல பழுதுற்றன.

இதற்கு மாற்றாகும் வழியின் வித்து முன்னரே எகிப்து நாட்டில் விழுந்திருந்தது. 1976-இல் ஆங்கு மருத்துவ ஊழியத்திற்குச் சென்ற ரிச்சர்டு வாம்ப்ளர், ஆர்க்கிமிடீசின் திருகினால் உழவர் நீரேற்றுவதைக் கண்டார். நம் ஏற்றம் ஒரு சால் இறைத்து, நின்று, மறுசால் இறைப்பது. இருதயத்தின் இயல்பும் அதுவே. குழாயினுள் சுழலும் திருகோ இடையறாது நீரை ஏற்றும். குருதியையும் இவ்வாறு செலுத்தலாகாதோ என்று அவர் எண்ணினார். அத்துணை விரைவில் சுழலின் குருதியணுக்கள் அரைபட்டுவிடும் என அஞ்சினோர் பலர். 1988-இல் ஹூஸ்டனில் ஓ. எச். பிரேசியர் அச்சிறு பொறியை முதன்முதல் மனிதர்க்குப் பயன்படுத்தினார், அஞ்சியவாறு நிகழவில்லை.

இடைவிடாது சுழலும் வகையைத் துடிக்கும் வகையோடு 200 நோயாளரிடை ஒப்பிட்ட முடிவு 2009-இல் வெளிவந்தது. ஈராண்டு கழிந்தபின் உயிரோடிருந்தோர், சுழல்பொறி பெற்றாருள் நூற்றுக்கு 58 பேர். மற்றையோருள் 24 பேர். அதன்பின் வந்த ஹார்ட்மேட் 3 என்னும் பொறியில், சுழலுறுப்புக் காந்தவிசையால் எதனையும் தொடாது மிதந்து சுழல்கின்றது. உராய்வில்லையாகவே தேய்வும் அரிது.

இடர்கள் நீங்கினவல்ல. பொறிக்கு மின்சாரம் ஊட்டும் கம்பி வயிற்றின் தோலைத் துளைத்து வெளிப்போதருகின்றது. அத்துளை வழியே நச்சுக்கிருமி புகும். குருதி உறையாமைக்கு மருந்துண்ணல் வேண்டும். உண்ணின் குருதிப்போக்கு அச்சம், உண்ணாவிடின் உறைகட்டி மூளைக்கேறும் அச்சம். மின்கலத்தை ஒருபோதும் மறந்து வெளியே செல்லலாகாது.

குருதி பெரும்பாலும் ஒரே சீராய் ஓடுதலின், இவருள் பலர்க்கு நாடி கைக்குத் தென்படுவதில்லை. மயங்கி வீழ்ந்தாரைக் காண வரும் மருத்துவர், நாடியை நம்பாது, மார்பில் செவிக்குழலை வைத்துக் கேட்கின்றனர். பொறி ஓடுமாயின், ஆங்கே வண்டின் முரற்சி போன்றதோர் ஒலி கேட்கும்.