அறுபது ரூபாய்தானே, உம்மா?



சூதாட்டம் ஹராம் என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பணம் வைத்துச் சீட்டாடும் இடத்தின் பக்கம்கூட நம் பிள்ளைகள் போகமாட்டார்கள் என்றே நம்புகிறோம். ஆனால் அந்த இடம் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அங்கே அது சூதாட்டம் என்ற பெயரில் வருவதில்லை. போட்டி, டிக்கெட், தகுதிச் சுற்று என்ற பெயர்களில் வருகிறது. ஆன்லைன் போக்கரில் 'சாட்டிலைட்' எனப்படும் போட்டி அப்படிப்பட்ட ஒன்று. "அறுபது ரூபாய்தானே, உம்மா?" என்று மகன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? இம்மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

சாட்டிலைட் என்றால் என்ன?

போக்கர் ஒரு சீட்டாட்டம். பெரிய போக்கர் போட்டிகளில் சேர நுழைவுக் கட்டணம் அதிகம். அவ்வளவு பணம் இல்லாதவர்களை அங்கே கொண்டு சேர்ப்பதற்காக நடத்தப்படும் சிறிய போட்டியே சாட்டிலைட். இதில் ஜெயிப்பவருக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. பெரிய போட்டியில் உட்கார ஓர் இடம் கிடைக்கும். இந்தச் சிறிய போட்டிக்குள் நுழைய இன்னும் சிறிய போட்டி, அதற்குள் நுழைய அதைவிடச் சிறியது என்று படிப்படியாகவும் வைப்பார்கள். கடைசிப் படியின் விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையைவிடக் குறைவாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெரிய போட்டியின் கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான சாட்டிலைட்டின் கட்டணம் 550 ரூபாய். இதில் 500 பரிசுக்குப் போகிறது. 50 ரூபாயை நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார். 20 பேர் ஆடினால் ஒருவருக்கு இடம். அந்த 550 ரூபாய் டிக்கெட்டை ஜெயிக்க இன்னொரு போட்டி. கட்டணம் 60 ரூபாய். இதில் 55 பரிசுக்கு, 5 நடத்துபவருக்கு. 10 பேர் ஆடினால் ஒருவருக்கு டிக்கெட்.

ஆக, கீழ்ப்படியில் 200 பேர் சேர்ந்து 12,000 ரூபாய் கட்டுகிறார்கள். முதல் படியில் 1,000, இரண்டாம் படியில் 1,000 என 2,000 ரூபாய் நடத்துபவருக்குப் போய்விடுகிறது. 199 பேர் வெறுங்கையோடு எழுகிறார்கள். ஜெயித்த அந்த ஒருவர் கையிலும் காசு இல்லை. இன்னொரு சூதாட்ட மேசையில் உட்கார இடம் மட்டும்தான் இருக்கிறது. அங்கேயும் பெரும்பாலானோர் எதுவும் பெறாமலே வெளியேறுவார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்து இடங்கள் உள்ள சாட்டிலைட்டில் முதலாவதாக வந்தவருக்கும் ஐந்தாவதாக வந்தவருக்கும் ஒரே பரிசு. ஆறாவதாக வந்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. நான்கு மணி நேரம் ஆடி ஓர் இடத்தில் தவறியவர், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மறுபடி 60 கட்டுகிறார். அந்த ஒரு தடவை மாதத்தில் நாற்பது தடவை ஆனால் 2,400 ரூபாய். சின்னத் தொகை என்பதால் வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை.

எல்லோரும் சொல்லும் ஒரு கதை

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் ஆன்லைன் சாட்டிலைட் ஆடி, 10,000 டாலர் கட்டணமுள்ள உலகப் போக்கர் போட்டியில் இடம் பிடித்தார். 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு அப்போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். அடுத்த ஆண்டு 2,576 பேர். 2006இல் 8,773 பேர். ஒருவரின் வெற்றிக் கதை எத்தனை ஆயிரம் பேரை இழுத்தது என்று பாருங்கள். சாட்டிலைட்டிலேயே தோற்றுப் போனவர்களின் கதையை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

பிள்ளைகள் சொல்லும் மூன்று காரணங்கள்

"இது திறமை விளையாட்டு." போக்கரில் திறமைக்கும் இடம் உண்டு என்பது உண்மைதான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகளாகக் கருதி, தமிழக அரசின் சட்டத்தில் அவற்றுக்கு இருந்த தடையை நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்டின் சட்டம் இப்படி மாறி மாறி வரலாம். மார்க்கம் பார்ப்பது, ஆடுபவர்கள் எல்லோரும் பணம் வைத்து, ஒருவரின் இழப்பு மற்றவரின் லாபமாகிறதா என்பதைத்தான். அப்படியானால் அது மைசிர். திருக்குர்ஆன் 5:90 அதை ஷைத்தானின் அசுத்தச் செயல்களில் சேர்த்து, விலகிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது.

"இலவச டிக்கெட்தான், நான் காசு கட்டவில்லை." சில சாட்டிலைட்டுகளுக்குக் கட்டணமே இருக்காது. ஆனால் அந்த இலவசம் கொண்டுபோய் விடும் இடம் எது? தன் தோழரைச் சூதாட அழைத்தவர் அதற்காகத் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆடும் முன்பே, வெறும் அழைப்புக்கே பரிகாரம்! இலவச டிக்கெட் என்பது அந்த அழைப்புதான். அதை நண்பனுக்கு அனுப்பிவைப்பவரும் அழைப்பவரே.

"ஜெயித்தால் ஏழைகளுக்குக் கொடுப்பேன்." அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்கிறான் என்பது நபிமொழி. சூதில் வந்த பணம் ஸதகாவாக ஆகாது. முன்பே அப்படிப் பணம் வந்திருந்தால், அதை எப்படிக் கைகழுவுவது என்று ஆலிம்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளை ஆடுகிறான் என்று தெரிந்தால் முதலில் கத்த வேண்டாம். கத்தினால் ஆட்டம் நிற்காது, மறைப்புதான் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று மாத வங்கிக் கணக்கையும் யு.பி.ஐ. பரிமாற்றங்களையும் சேர்ந்து பாருங்கள். சிறு தொகைகளை அவன் கையாலேயே கூட்டச் சொல்லுங்கள். எந்தப் பேச்சையும்விட அந்தக் கூட்டுத்தொகை நன்றாகப் புரியவைக்கும்.

செயலியை நீக்குங்கள், கணக்கை நிரந்தரமாக மூடுங்கள். கடன் இருந்தால் பட்டியல் எழுதுங்கள். அதை அடைக்க இன்னொரு முறை ஆடுவதற்கும், கடன் செயலிகளில் வாங்குவதற்கும் இடம் தரவேண்டாம். விட நினைத்தும் விட முடியாமல் தவித்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். உதவி கேட்பது ஈமானின் குறைவு ஆகாது.

வளைகுடாவில் தனியாக இருக்கும் பிள்ளைகளிடமும் இதைப் பேசுங்கள். அறையில் தனிமை, கையில் கைப்பேசி, மாதச் சம்பளம் மூன்றும் சேரும் இடத்தில்தான் இந்த டிக்கெட்டுகளும் வந்து சேர்கின்றன.

பகைமையை மூட்டவும், அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கவுமே ஷைத்தான் சூதைப் பயன்படுத்துகிறான் என்று 5:91 எச்சரிக்கிறது. நள்ளிரவு தாண்டியும் ஓடும் ஆட்டத்துக்குப் பின் ஃபஜ்ரு என்னாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

குடும்பத்தோடு பேச:

1. நம் வீட்டுக் கைப்பேசிகளில் பணம் வைத்து ஆடும் செயலி ஏதும் உண்டா?
2. இலவச டிக்கெட்டைத் தருபவருக்கு அதனால் என்ன லாபம்?
3. மாதம் 2,400 ரூபாய் மிஞ்சினால் நம் குடும்பத்தில் எந்தத் தேவைக்கு உதவும்?

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கைப் போதுமானதாகவும் பரக்கத்தானதாகவும் அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன்.