விண்ணப்பமும் ஒரு தேர்வே

உயர்கல்வியில் இடம் தேடும் மாணவர்கள் உண்மையில் இரண்டு தேர்வுகளை எழுதுகின்றனர். ஒன்று, வினாத்தாளைப் பார்த்து எழுதும் நுழைவுத் தேர்வு, மற்றொன்று, விண்ணப்பம். முதல் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் பயில்வோர் பலர். இரண்டாவதற்கு ஒரு நாளைக்கூட ஒதுக்காதோரும் பலர்.

மதிப்பெண் குறைந்து இடம் கிடைக்காமல் போவது போட்டி மிகுந்த கல்வி நிறுவனங்களில் இயல்பு. மதிப்பெண் இருந்தும், உரிய சான்றிதழ் இல்லாமையால் இடம் கைவிட்டுப் போவதே வருந்தத்தக்கது. ஏனெனில் அது தவிர்க்கக் கூடிய இழப்பு. மல்காஜ்கிரி போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் படிப்பது ஒரு மாநிலத்தில். பெற்றோரின் சொந்த ஊரோ வேறொரு மாநிலத்தில்.

நகரிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம்

ஹைதராபாத் நகரின் வடகிழக்கே மல்காஜ்கிரி அமைந்துள்ளது; மேற்கே கச்சிபௌலியில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. இது நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக 1974ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இதனை நிறுவுவதற்கென்றே அரசியலமைப்பில் 371E என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் இப்பல்கலைக்கழகம் கவிஞர் சரோஜினி நாயுடு வாழ்ந்த ‘கோல்டன் திரெஷோல்டு’ என்னும் இல்லத்தில் இயங்கியது.

இது மத்தியப் பல்கலைக்கழகம் ஆதலால் நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்கின்றனர். பள்ளிப் படிப்பை முடித்தோர் இங்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்புகளில் சேரலாம்.

பொது நுழைவுத் தேர்வு

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022ஆம் ஆண்டு முதல் ‘க்யூட்’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. இதனைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட 13 மொழிகளில் தேர்வு எழுதலாம். அந்த 13 மொழிகளும் தனித்தனி மொழிப்பாடங்களாகவும் உள்ளன. ஆகவே, விருப்ப மொழியாகத் தமிழ் பயிலும் மாணவர், தாம் சேர விரும்பும் படிப்பின் விதி இடம் தந்தால், தமிழையே மொழித்தாளாகத் தெரிவு செய்யலாம்.

2025ஆம் ஆண்டு விதிப்படி ஒரு மாணவர் ஐந்து பாடங்கள் வரை எழுதலாம். ஒவ்வொரு பாடத்திலும் 50 வினாக்கள். நேரம் 60 நிமிடம். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண் சேரும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும்.

எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்கள் தேவை என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே வரையறுக்கிறது. அதனைப் படிக்காமல் பாடங்களைத் தெரிவு செய்பவர், நல்ல மதிப்பெண் பெற்றும் விரும்பிய படிப்புக்குத் தகுதி இழக்க நேரிடும். மேலும், தேர்வு முகமை தருவது மதிப்பெண்ணை மட்டுமே. இடத்தைத் தருவது பல்கலைக்கழகம். எனவே தேர்வு எழுதிய பின்னர், பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்து அங்கும் பதிவு செய்தல் வேண்டும்.

எது சொந்த மாநிலம்?

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா இது. விடை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

வாரங்கல்லிலும் திருச்சிராப்பள்ளியிலும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள் உள்ளன. இக்கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கும், மறுபாதி பிற மாநில மாணவர்களுக்கும் உரியவை. இங்கே மாநிலத்தை முடிவு செய்வது தாய்மொழியும் அன்று. தந்தையின் பிறந்த ஊரும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் எந்த மாநிலத்திலிருந்து தேர்ச்சி பெற்றாரோ, அதுவே அம்மாணவரின் மாநிலம். மல்காஜ்கிரியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த தமிழ் மாணவி, வாரங்கல்லில் உள்மாநில மாணவி. திருச்சிராப்பள்ளியில் பிற மாநில மாணவி. வீட்டில் தமிழ் பேசுவதால் திருச்சியில் சலுகை கிடைக்கும் என்று எண்ணியிருப்பது பிழையாகும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இத்தகைய மாநிலப் பிரிவு இல்லை.

சான்றிதழ்களும் பெயரும்

தமிழர் பலர் தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னெழுத்தாக இடுவர். விண்ணப்பப் படிவங்களோ முழுப்பெயரைக் கேட்கும். தந்தை பெயர் சுந்தரம், மகள் பெயர் கயல்விழி எனக் கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் ‘கயல்விழி எஸ்’ என்றும், ஆதார் அட்டையில் ‘கயல்விழி சுந்தரம்’ என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் வேலை மாணவியின் தலையில் விழும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த நாளையும் அடிப்படையாகக் கொண்டு, பிற ஆவணங்களை முன்கூட்டியே திருத்திக்கொள்வது நன்று.

இதரப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பிப்போர் மற்றொன்றையும் அறிய வேண்டும். தமிழ்நாட்டு அரசு வழங்கும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மட்டும் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசின் பட்டியலில் அச்சமூகம் இருத்தல் வேண்டும். சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் அமைதல் வேண்டும். வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்பதும் அதில் குறிக்கப்பட வேண்டும். தொழில்நுட்பக் கழகங்களின் சேர்க்கையில் அச்சான்றிதழ், சேரும் ஆண்டின் ஏப்ரல் 1ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ பெறப்பட்டிருக்க வேண்டும். சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்று வரும் குடும்பம், இந்தத் தேதியை அறியாமல் மார்ச்சு மாதத்தில் சென்றால், மீண்டும் ஒரு பயணம் செய்ய நேரும்.

விருப்ப வரிசையை எழுதும் முறை

தொழில்நுட்பக் கழகங்களின் இடங்களை ‘ஜோசா’ எனப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையம் 2015ஆம் ஆண்டு முதல் ஒரே முறையில் வழங்கி வருகிறது. மாணவர்கள் தாம் விரும்பும் கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசைப்படுத்தித் தருவர். கணினி, தரவரிசைப்படி இடங்களை ஒதுக்கும்.

‘முதலில் எழுதும் கல்லூரி கிடைக்காவிட்டால், இரண்டாவதும் கைநழுவிப் போகுமோ?’ என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வாறு அஞ்சி, மனம் விரும்பும் படிப்பைக் கீழே தள்ளி, எளிதில் கிடைக்கும் படிப்பை மேலே எழுதுவர். இந்த அச்சம் தேவையற்றது. மாணவரின் பெயர் முதல் விருப்பத்துக்குச் செல்லும். அங்கு இடமில்லை எனில் இரண்டாம் விருப்பத்துக்குச் செல்லும். அங்கே, அதனை முதல் விருப்பமாக எழுதியவருக்குத் தனிச் சலுகை இல்லை. தரவரிசை மட்டுமே பார்க்கப்படும். ஆகவே பெரிய விருப்பத்தை மேலே எழுதுவதால் இழப்பு ஏதும் இல்லை. அதனைக் கீழே எழுதினால்தான் இழப்பு: மேலே உள்ளது கிடைத்தவுடன் கீழே உள்ளதைக் கணினி பார்ப்பதில்லை.

இம்முறையின் அடிப்படையை டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1962ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்ததும் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியே. ஷாப்லிக்கும் ஆல்வின் ரோத் என்பவருக்கும் 2012ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இடம் கிடைத்த பின்னரும் மாணவர் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடமே போதும் எனில் ‘ஃபிரீஸ்’. அடுத்த சுற்றுகளில் மேலான விருப்பம் எந்தக் கல்லூரியில் கிடைத்தாலும் மாறலாம் எனில் ‘ஃபுளோட்’. அதே கல்லூரிக்குள் மேலான படிப்புக்கு மட்டும் மாறலாம் எனில் ‘ஸ்லைடு’. மாற்றம் கிடைத்துவிட்டால் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. விருப்பங்களையும் அவ்வாறே அளந்து எழுதுதல் வேண்டும்.

முடிவுரை

விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்பதோடு நில்லாமல், அவ்வாண்டின் தகவல் கையேட்டை முழுமையாகப் படிப்பதே பாதுகாப்பு. சேர்க்கையில் மதிப்பெண் முழுவதும் ஒருவரின் கையில் இல்லை. விண்ணப்பம் முழுவதும் அவர் கையிலேயே உள்ளது.

அருஞ்சொற்பொருள்

முகமை – ஒரு பணியை நடத்தும் அமைப்பு
ஒருங்கிணைந்த – ஒன்றாகச் சேர்ந்த
வட்டாட்சியர் – வட்டத்தின் வருவாய்த்துறை அலுவலர், தாசில்தார்
மெய்ப்பித்தல் – உண்மை என்று நிறுவுதல்

பயிற்சி

1. தேர்வு முகமை தருவது எது? பல்கலைக்கழகம் தருவது எது?
2. மல்காஜ்கிரியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி, திருச்சிராப்பள்ளியில் எப்பிரிவில் கருதப்படுவார்? ஏன்?
3. விரும்பும் படிப்பை வரிசையின் மேலே எழுதுவதால் இழப்பு இல்லை என்பதை விளக்குக.
4. உம் பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் உம் பெயர் ஒன்றுபோல் உள்ளதா? பெற்றோருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, ஐந்து தொடர்களில் எழுதுக.