அந்தமானின் சிப்பிமேடுகள்

தமிழ்நாட்டின் சிற்றூர்ப்புறங்களில் தொல்பழங்காலச் சின்னங்களைக் காணச் செல்வோர்க்குக் கல்லே வழிகாட்டி. செங்கல்பட்டை அடுத்த சாணூரில் கல்வட்டங்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகள், திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் மனித உருவை ஒத்த பெரும் பலகைக்கல் என, இறந்தோர் நினைவாக எழுந்த சின்னங்கள் வயல்வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கு ஊரார் வழங்கும் பெயர்களும் உண்டு. பாண்டவர் வீடு, பாண்டு குழி என்னும் பெயர்கள் வரலாற்று முறையில் பொருந்தாதவை. ஆயினும் அவை ஆற்றிய தொண்டு பெரிது. பெயர் சூட்டப்பட்ட இடத்தில் மண்வெட்டியை வைக்க ஊரார் சற்றுத் தயங்குவர்.

இதே பழக்கத்துடன் அந்தமானுக்கு வரும் மாணவர் ஏமாற்றம் அடைவது இயல்பு. ஸ்ரீ விஜயபுரத்தை (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) அடுத்துள்ள பத்துபஸ்தியிலோ அதைச் சூழ்ந்த குடியிருப்புகளிலோ கல்திட்டையும் இல்லை, கல்வட்டமும் இல்லை, தாழியும் இல்லை. ‘பஸ்தி’ என்பதே இந்தியில் குடியிருப்பைக் குறிக்கும் சொல். தெற்கு அந்தமானின் ஊர்ப்பெயர்களுள் மிகப்பல 1858-க்குப் பின் வந்தோர் இட்டவை. ஃபெரார்கஞ்ச் என்னும் ஊர், 1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த ஃபெராரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரைபடத்தை மட்டும் படிப்பவர்க்கு இத்தீவின் வரலாறு தண்டனைக் குடியேற்றத்தோடு தொடங்கியது போலத் தோன்றும்.

ஆனால் வரைபடத்தில் இடம்பெறாத சான்று ஒன்று இங்கே உண்டு. கழிமுகங்களின் ஓரத்திலும் நன்னீர் ஊற்றுகளின் அருகிலும் புல்லும் புதரும் மூடிய மேடுகள் சில காணப்படுகின்றன. தோண்டினால் மண்ணைவிடச் சிப்பியே மிகுதியாக வெளிப்படும். பல தலைமுறையினர் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, எறிந்த கழிவு குவிந்து உருவானவை இவை. ஆய்வாளர் இவற்றை உணவுக்கழிவு மேடுகள் என்பர். சிப்பிமேடு என்பது எளிய பெயர்.

கல்லறை இல்லாத மக்கள்

அந்தமானியர் இறந்தோரை மதிக்கவில்லை என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறாகும். அவர்தம் ஈமச்சடங்குகளை ஈ. எச். மேன் என்னும் அதிகாரியும், 1906-08 ஆண்டுகளில் களஆய்வு செய்த மானிடவியலறிஞர் ராட்கிளிஃப்-பிரௌனும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். உடலை மண்ணில் புதைப்பதும் உண்டு. மரக்கிளைகளுக்கிடையே அமைத்த மேடையில் வைப்பதும் உண்டு. நல்ல வயதில் இறந்தவர்க்குப் பின்னதே சிறப்பு. ஈமக்கடன் முடிந்ததும் அந்த உறைவிடத்தை விட்டு அனைவரும் நீங்குவர். வேற்றார் நுழையாதிருக்க, கிழித்த ஓலைகளை அடையாளமாகக் கட்டிச் செல்வர். சில திங்கள் கழிந்தபின் திரும்பி வந்து எலும்புகளை எடுத்துக் கழுவி, மண்டையோட்டை நெருங்கிய உறவினர் கழுத்தில் அணிந்துகொள்வர். இறந்தோரின் நினைவுச்சின்னம் அங்கு உறவினரோடு நடமாடிற்று. நிலத்தில் நிலைபெறவில்லை.

ஆகவே தமிழகத்துப் பெருங்கல் இறப்பின் பதிவு என்றால், அந்தமானின் மேடு அன்றாட வாழ்வின் பதிவு. ஆதிச்சநல்லூர்த் தாழியில் உற்றார் தேர்ந்தெடுத்து வைத்த பொருள்களே உள்ளன. சிப்பிமேட்டில் இருப்பதோ எவரும் தேர்ந்தெடுக்காத பொருள்கள். பொய் சொல்லும் நோக்கம் குப்பைக்கு இல்லை என்பதால், சான்று என்ற முறையில் அது ஒருபடி மேலானது என்றும் வாதிடலாம்.

மேட்டைப் படிக்கும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்கில், கடற்கரையை ஒட்டிய சிப்பிக் குவியல்கள் இயற்கையாய் ஒதுங்கியவையா, மனிதர் ஆக்கியவையா என்ற ஐயம் எழுந்தது. நிலவியலார், விலங்கியலார், தொல்லியலார் மூவரும் சேர்ந்த குழு ஆராய்ந்து, அவை மனிதரின் உணவுக் கழிவே எனக் கண்டது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஸ்டோலிச்கா, 1870-இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அந்தமான் மேடுகளைப் பற்றி எழுதியபோது, டேனிஷ் மொழியின் அதே சொல்லையே அவற்றுக்கு இட்டார். தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

டென்மார்க்கில் பயன்பட்ட சோதனை இன்றும் மாணவர்க்குப் பயன்படும். அலை ஒதுக்கிய சிப்பித் திட்டில் குஞ்சும் முதிர்ந்ததும் கலந்திருக்கும். ஓடுகள் தேய்ந்து மழுங்கியிருக்கும். மனிதர் குவித்த மேட்டிலோ உண்ணத்தக்க இனங்களின் வளர்ந்த ஓடுகளே மிகுதி; அவற்றின் விளிம்புகள் கூர்மையாகவே இருக்கும்; சதையை எடுப்பதற்காக உடைத்த தடமும் தெரியும். இவற்றுடன் கரி, சாம்பல், சூட்டில் வெடித்த கல், மீன்முள், காட்டுப்பன்றி எலும்பு, கையால் வனைந்த மண்கலத்தின் ஓடு ஆகியவையும் கிடைத்தால் ஐயத்துக்கு இடமில்லை.

எலும்பு எஞ்சியிருப்பதற்கும் காரணம் சிப்பிதான். மழைமிகு காட்டின் மண் அமிலத்தன்மை உடையது. அதில் எலும்பு விரைவில் கரைந்துவிடும். சிப்பியின் சுண்ணச்சத்து அந்த அமிலத்தை முறித்து எலும்பைக் காக்கிறது. அந்தமான் போன்ற வெப்பமண்டலத் தீவில் பழங்கால உணவைப் பற்றி ஓரளவேனும் அறிய முடிவது இதனால்தான்.

எனினும் இந்தக் கணக்கேட்டை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஒரு கூடை மட்டியில் கிடைக்கும் சதை சிறிது, எஞ்சும் ஓடு பெரிது. தேனும் பழமும் கிழங்கும் தடமின்றி மறைந்துவிடும். எனவே மேட்டின் பருமனை மட்டும் கொண்டு இம்மக்கள் சிப்பியையே உண்டு வாழ்ந்தனர் என்று கூறினால், அது ஒரு குடும்பத்தின் செலவை வீட்டு வாயிலில் கிடக்கும் தேங்காய் ஓட்டைக் கொண்டு கணக்கிடுவது போன்றதாகும். பொருளியல் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. பதிவாகும் பண்டமும் பயன்படும் பண்டமும் ஒன்றல்ல.

மேட்டின் அடுக்குகள் கீழிருந்து மேலாகக் காலவரிசையில் அமைபவை. 1950-களில் சிறிய அந்தமானில் அகழ்ந்த இத்தாலிய அறிஞர் சிப்ரியானி, அடியடுக்குகளில் மண்கலமும் பன்றி எலும்பும் காணப்படவில்லை என்றும், அவை பின்னரே வந்து சேர்ந்தன என்றும் கருதினார். உச்சியடுக்குகளில் வேறொரு கதை தொடங்குகிறது. கப்பற்சிதைவுகளிலிருந்து கிடைத்த இரும்பை அந்தமானியர் அம்புமுனையாக அடித்துக்கொண்டனர். குடியேற்றத்தின் புட்டிகள் கிடைத்தபின், முன்னர் கல்லில் உடைத்த சில்லுகளைக் கண்ணாடியில் உடைத்து, தலைமுடி மழிக்கவும் உடலில் கீறல் இடவும் பயன்படுத்தினர். பழைய கைத்திறன் புதிய பொருளில் தொடர்ந்ததற்கு அந்தக் கண்ணாடிச் சில்லு சான்று.

இரண்டாயிரம் ஆண்டும் அதற்கு அப்பாலும்

தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்னும் ஊரிலுள்ள மேட்டைத் தொல்லியலறிஞர் ஜரீன் கூப்பர் 1980-களில் ஆய்ந்தார். அங்கே கிடைத்த கரிமக் கணிப்பு 2280 ஆண்டுகள், பிழை எல்லை 90 ஆண்டுகள். இக்கணிப்பில் ‘இன்று’ என்பது 1950-ஆம் ஆண்டைக் குறிக்கும். எனவே திருத்தங்களைச் செய்யாத நிலையில் இது ஏறத்தாழ கி.மு. 330-ஐச் சுட்டும். தமிழகத்தில் பெருங்கற்படைப் பண்பாடு செழித்திருந்த காலத்தில் இங்கேயும் ஒரு மக்கள் கூட்டம் அடுப்பு மூட்டி, கலம் வனைந்து வாழ்ந்தது என்பது இதனால் உறுதிப்படுகிறது. முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் நிக்கோபார் ‘மாநக்கவாரம்’ எனக் குறிக்கப்பெறுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட செய்தி இது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. மரபணு ஆய்வுகள் அந்தமானியரின் தனித்த வரலாறு பல்லாயிரம் ஆண்டு நீளமுடையது எனக் காட்டுகின்றன. மண்ணில் கிடைத்த சான்றோ இரண்டாயிரம் ஆண்டுகளைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. இடைவெளியை விளக்கக் கடலை நோக்க வேண்டும். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடலோரத்தை நாடி வாழ்ந்தவர்களின் அக்கால உறைவிடங்கள் இன்று நீருக்கடியில் இருத்தல் கூடும். நாம் காண்பது நூலின் கடைசி இயல் மட்டுமே போலும்.

கடல் தன் வேலையை நிறுத்திவிடவும் இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் கரை சில இடங்களில் உயர்ந்தது. தெற்கு அந்தமானின் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தலைநகருக்கு அருகேயுள்ள சிப்பிகாட்டில் விளைநிலங்கள் உப்புநீரில் மூழ்கின. சிப்பிமேடுகள் அமைந்திருப்பதும் இத்தகைய தாழ்ந்த கழியோரங்களிலேயே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உரியவர் அருகில் இல்லாத சொத்து

தெற்கு அந்தமானின் இந்த மேடுகளை ஆக்கியவர்களின் வழிவந்தோர் பெரிய அந்தமானியர். குடியேற்றத்தோடு வந்த நோய்கள், குறிப்பாக 1877-இல் பரவிய தட்டம்மை, அவர்களைப் பெருமளவில் அழித்தன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். 2011-இல் 44 பேர். எஞ்சியோர் 1970 அளவில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். தலைநகரைச் சூழ்ந்த நிலத்தில் வாழ்ந்த அகா-பேயா பிரிவினரும் அவர்தம் மொழியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறைந்தனர். இன்று அங்கு வாழும் வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சி மக்கள், கைதிகளின் வழிவந்தோர் ஆகிய அனைவரும் பின்னர் வந்தவர்களே. ஒரு மேட்டைக் காட்டி ‘இது எங்கள் முன்னோர் இடம்’ என்று தடுக்க அருகில் எவரும் இல்லை. ‘பாண்டு குழி’ போன்ற பொய்ப் பெயர்கூட அதற்குக் கிட்டவில்லை. சாலைக்கு மண் எடுப்பவர்க்கும் மனைக்கு நிலம் சமன்செய்பவர்க்கும் அது சிப்பி கலந்த மேடு, அவ்வளவே.

ஆகவே பொறுப்பு அளவையர், பொறியாளர், ஊராட்சிச் செயலர் ஆகியோரிடமே வந்து சேர்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள், தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய எச்சங்கள் உள்ள நிலத்தையும் தன் வரையறையில் சேர்த்துக்கொள்கிறது. கட்டடமோ சிற்பமோ இருந்தாக வேண்டும் என்று அது கூறவில்லை. நில எடுப்புக்கு முன் நடைபெறும் பார்வையிடலில் கழியோர மேடுகளைக் குறித்து, மண்வெட்டு முகப்பில் சிப்பியடுக்கு தென்படுகிறதா என்று நோக்க ஒரு முற்பகல் போதும். ஜப்பானில் 1877-இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலறிஞர், இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட கரையில் சிப்பியடுக்கை ஓடும் ரயிலிலிருந்தே கண்டார். ஓமோரி என்னும் அந்த இடம் இன்று பூங்காவாகப் பேணப்படுகிறது. அந்நாட்டின் தொல்லியல் கல்வியே அங்குத் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. வெட்டியது இருப்புப்பாதைப் பணி. பார்த்தது ஒரு பயிற்சி பெற்ற கண்.

காணச் செல்லும் மாணவர்க்குச் சில நடைமுறைச் செய்திகள் உண்டு. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளுள் உரிய அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். அங்கே மேடு இருப்பினும் அது காண்பதற்குரியதன்று. பிற இடங்களில் நில உரிமையாளரின் இசைவு பெற வேண்டும். மழைக்காலம் ஓய்ந்து புதர் வாடியபின் செல்வது நன்று. சாய்ந்த மரத்தின் வேர்ப்பள்ளமும் நண்டு வளையின் வாயிலும் தோண்டாமலே உள்ளடுக்கைக் காட்டும். ஒளிப்படத்தில் அளவுகோல் இடம்பெற வேண்டும். அருகிலுள்ள நன்னீருக்கும் கழிக்கும் உள்ள தொலைவை எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் ஓட்டைக்கூட எடுத்து வருதல் கூடாது. அடுக்கிலிருந்து பெயர்த்த சிப்பி வெறும் சிப்பியே. பயணத்துக்கு முன்னரே ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது பயன் தரும். அங்குள்ள வில், அம்பு, கூடை, மரத்தொட்டி ஆகியவற்றுள் பெரும்பாலானவை மேட்டுக்குள் மக்கி மறைந்துபோன பொருள்களின் வகையைச் சேர்ந்தவை.