காப்பதும் கட்டுவதும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது அகிம்சை. அவ்விரதத்தைப் பழுதுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. அடித்தலுக்கும் முன்னதாகக் கட்டுதல், அதாவது ‘பந்தம்’, எண்ணப்பட்டிருப்பதைச் சிராவக அன்பர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

கட்டாமல் மாடு வளர்ப்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழும். கொட்டிலில் நெருப்புப் பற்றினால் தானே விடுவித்துக்கொண்டு ஓடத்தக்கவாறு தளர்வாகக் கட்டுக என்று இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்கும் உரைகளில் விடை காணப்படுகிறது. மாட்டுக்கு இவ்வளவு கருணை காட்டிய நெறியினர் நாம். மனைவிக்கும் மக்களுக்கும் இடும் கட்டினை இவ்வாறு சோதித்ததுண்டா?

“உன் நன்மைக்காகவே சொல்கிறேன்” என்னும் சொல் இருவகை உள்ளத்திலிருந்தும் வரும். ஒன்று, நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாகிய வாத்சல்யம். கன்றின்பால் பசு கொள்ளும் அன்பினை இதற்கு உவமை கூறுவர். மற்றொன்று, ‘எனது’ என்னும் மூர்ச்சை. பொருள் கையிலிருப்பதைவிட இம்மூர்ச்சையே பரிக்கிரகம் என்பது உமாசுவாமிகளின் கருத்து. அகப்பற்றுகள் பதினான்கனுள் அச்சமும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. பிறர்க்கு வரும் தீங்கினை அஞ்சுவது வேறு. அவர் நம்மை விட்டு நீங்குவரோ என அஞ்சுவது வேறு. முன்னது தீங்கு நீங்கியதும் அடங்கும். பின்னதற்கு அடங்கும் நாளில்லை.

சீவக சிந்தாமணியில் இவ்விரண்டனையும் ஒரே மன்னனிடம் காணலாம். ஏமாங்கத நாட்டுச் சச்சந்தன், விசயையைப் பிரிய மனமின்றி, அமைச்சர் தடுத்தும் கேளாது, அரசினைக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்து அந்தப்புரத்திலேயே தங்கினான். அதனைக் காதல் என்று புகழ்வாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதனால் அரசியின் காவலே அழிந்தது. கட்டியங்காரன் படையுடன் அரண்மனையைச் சூழ்ந்தபோது, கணப்பொழுதும் பிரியாதிருந்த அம்மன்னனே, கருவுற்றிருந்த அவளை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரில் மடிந்தான். அவன் அவளை உண்மையாகக் காத்தது அந்த நாளில்தான்.

விசயையின் செயல் அதனினும் அரியது. சுடுகாட்டில் ஈன்ற மகனுக்கு மோதிரத்தை அணிவித்துக் கிடத்தி மறைந்து நின்றாள். இறந்த தன் குழவியுடன் அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் சீவகனை எடுத்துச் செல்வதைக் கண்டும், ‘என் மகன்’ என்று முன்வரவில்லை. தண்டகாரணியத் தவப்பள்ளி சேர்ந்தாள். மகன் வேறொருத்தியை அன்னையென அழைத்து வளர்ந்தான்.

நம் இல்லங்களுக்கு வருவோம். வெளியூரில் பயிலச் சென்ற மகளிடம், சேர்ந்துவிட்டாயா என்று இரவில் ஒருமுறை தொலைபேசியில் கேட்பது காவல். யாருடன் பேசினாய் என அவளுடைய கைப்பேசியைத் துருவுவது கட்டு. மருமகள் தாய்வீடு செல்ல நாள் பார்த்துத் தடுப்பதும், மணமான மகனின் ஊதியத்தைத் தாயே கணக்கிட்டு வாங்குவதும் எவ்வகையின என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சிறு குழந்தையைக் கிணற்றருகே போகவிடாது கையைப் பற்றுவதை யாரும் குறை கூறார். அதே பிடி அவனுக்கு இருபது வயதானபின்னும் தளரவில்லையெனில் கிணறு எங்கே என்று கேட்கவேண்டும்.

தடுக்கவே வேண்டிய இடமும் உண்டு. அதற்கு அச்சணந்தி ஆசிரியர் வழி காட்டினார். சீவகனிடம் அவன் பிறப்பு வரலாற்றை மறையாது உரைத்தார். கட்டியங்காரன்மீது பாய எழுந்தவனை ஓராண்டு பொறுக்குமாறு வேண்டினார். காரணம் அவனுக்குத் தெரிந்திருந்தது, கெடுவும் தெரிந்திருந்தது, அவனும் உடன்பட்டான். அவன் சொல்லைக் காக்கிறானா என்று ஆசிரியர் உடனிருந்து கண்காணிக்கவில்லை. தவம் மேற்கொள்ளச் சென்றுவிட்டார்.