மீன் தொட்டியில் மிதக்கும் கட்டையை அமிழச் செய்தல்

ஆற்றோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் வேர்த்துண்டுகளும் கட்டைகளும் மீன் தொட்டிக்கு அழகு தருவதுடன், மீன்களுக்கு மறைவிடமாகவும் அமைகின்றன. ஆனால், உலர்ந்த கட்டை தொட்டியின் அடியில் நிற்பதில்லை. மணலில் புதைத்து வைத்தாலும், எதிர்பாராத வேளையில் மேலே கிளம்பிச் செடிகளைப் பெயர்த்துவிடும். தன்மேல் வைத்த கல்லைக் கண்ணாடிச் சுவரின்மீது உருட்டித் தொட்டியையே உடைத்துவிடவும் கூடும். பள்ளிகளில் தொட்டி அமைக்கும் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இதன் காரணத்தை அறிந்துகொண்டால், நஷ்டமின்றிக் காரியத்தை முடிக்கலாம்.

மிதப்பதற்குக் காரணம்

மரத்தின் பொருள் நீரைவிட இலேசானது என்று பலரும் எண்ணுகின்றனர். இது சரியன்று. மரத்தின் உயிரணுச் சுவர்களை மட்டும் தனியே கொண்டால், அவற்றின் ஒப்படர்த்தி எம்மரத்திலும் ஏறக்குறைய 1.5 ஆகும், அதாவது, அது நீரில் மூழ்கும் பொருளே. சுவர்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய குழல்களில் அடைபட்டிருக்கும் காற்றே கட்டையை மிதக்கச் செய்கிறது.

இவ்வுண்மையைப் பர்மாவின் தேக்கு வாணிபம் நன்கு விளக்குகிறது. பச்சைத் தேக்கு நீர் நிறைந்திருப்பதால் மிதப்பதில்லை. ஆகவே, மரத்தை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, பட்டையையும் வெளிறையும் வைரம் வரையில் சுற்றிலும் வெட்டி, நின்ற நிலையிலேயே உலரவிட்டனர். நீர் வெளியேறிக் காற்றுப் புகுந்த பின்னரே மரத்தை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டனர். நாம் செய்ய வேண்டுவது இதற்கு நேர்மாறான வேலை: காற்றை வெளியேற்றி நீரைப் புகுத்த வேண்டும்.

நீரைப் புகுத்தும் முறைகள்

முதல் முறை ஊறவைத்தல். கட்டையைப் பெரிய தொட்டியில் இட்டு, மேலே பாரம் வைத்து முழுதும் அமிழ்த்தி, அவ்வப்போது நீரை மாற்ற வேண்டும். சிறு துண்டுகள் சில வாரங்களில் அமிழும். பருத்த வைரக்கட்டைகளுக்குப் பல மாதங்கள் ஆகலாம். நீர் மரத்தின் நீளவாட்டில் எளிதாகவும், குறுக்குவாட்டில் மிக மெதுவாகவும் செல்லும். ஆதலின், முனைகளைப் புதிதாக அறுத்துவிடுவது நலம்.

இரண்டாவது முறை கொதிக்கவைத்தல். சூட்டினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. அதன் இடத்தை நீராவி நிரப்புகிறது. குளிரும்போது ஆவி நீராகச் சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளி நீர் உட்புகுகிறது. எனவே, ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்த பின் கட்டையை அந்நீரிலேயே மூழ்கிய நிலையில் ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே வெளியில் எடுத்தால், நீருக்குப் பதிலாகக் காற்றே திரும்பவும் புகும். பலர் செய்யும் பிழை இதுவே.

நீர் பழுப்பு நிறமடைவது டானின் என்னும் துவர்ப்பொருளால். இது நீரைச் சிறிது அமிலத்தன்மை அடையச் செய்யும். எனினும் சிறிய அளவில் மீன்களுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. நீரை மாற்றிவரக் குறையும்.

பாரம் கட்டுதல்

காத்திருக்க இயலாவிடில் பாரம் கட்டலாம். எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு அறிவது நல்லது. ஒரு கட்டையின் எடை 600 கிராம், பருமன் 1,000 கன சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அது முழுதும் அமிழ்ந்தால் 1,000 கிராம் நீரை விலக்கும்; ஆகவே 400 கிராம் விசை அதனை மேலே தள்ளும். இதற்கு 400 கிராம் கல் போதாது. ஏனெனில், கல்லும் நீரில் எடை இழக்கிறது. கருங்கல்லின் ஒப்படர்த்தி சுமார் 2.7 ஆதலால், நீருக்குள் அதன் எடையில் 63 சதவிகிதமே எஞ்சும். ஆகவே ஏறக்குறைய 635 கிராம் கல் தேவை. 700 கிராம் வைப்பது பத்திரமானது.

கல்லைக் கட்டையின்மேல் வைப்பதைவிட, தட்டையான கல்லைக் கட்டையின் அடியில் துருவேறா எஃகுத் திருகாணியால் பிணைத்து, அதன்மேல் மணலைப் பரப்புவதே சிறந்தது. கட்டை நன்கு ஊறியபின் கல்லை நீக்கிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

1. உலர்ந்த கட்டையை இரு கண்ணாடிச் சுவர்களுக்கிடையே இறுக்கிப் பொருத்தலாகாது. மரம் ஊறும்போது வீங்கும், கண்ணாடி உடையும்.

2. இரும்பாணி கூடாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மையாவது போல, டானினும் இரும்பும் சேர்ந்து கருங்கறை உண்டாக்கும். பித்தளை, செம்பு, ஈயம் ஆகியவை நீரில் நஞ்சு சேர்க்கக் கூடியவை.

3. சுண்ணாம்புக்கல் நீரைக் கடினமாக்கும். கல்லின்மீது வினிகரை விட்டால் நுரைக்குமாயின், அதனை விலக்குக.

4. வண்ணமோ பூச்சிமருந்தோ ஏறிய கட்டை, பிசின் கசியும் கட்டை, உளுத்த கட்டை ஆகியவற்றைக் கொள்ளற்க.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

ஒரே சீரான செவ்வகக் கட்டையொன்றை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுக. பத்தில் ஆறு பங்கு அமிழ்ந்திருப்பின் அதன் ஒப்படர்த்தி 0.6 ஆகும். பின்னர் அதனைப் பாரம் வைத்து ஊறவிட்டு, வாரந்தோறும் ஈரம் துடைத்து எடை பார்த்து, எடையையும் நீர்மட்டத்தையும் அட்டவணையில் குறித்துவரச் செய்க. மேலே கூறிய 600 கிராம் கட்டையில் சுவர்ப்பொருள் 400 கன சென்டிமீட்டரும் வெற்றிடம் 600 கன சென்டிமீட்டரும் உள்ளன. மரத்தின் சிறு வீக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிடில், 400 கிராம் நீர், அதாவது வெற்றிடத்தில் மூன்றில் இரு பங்கு நிரம்பியதும், கட்டை மிதப்பை இழக்கும். கணக்கிட்ட எடையை அடையும் வாரத்திலேயே கட்டை அமிழ்வதை மாணவர் தம் கண்ணால் காண்பாராயின், ஆர்க்கிமிடீசின் விதி அவர் மனத்தில் நிலைபெறும்.