பாக்கி நிற்கிறதா? முதலில் சலானை எடுங்கள்

தாம்பரம் பக்கம், மெப்ஸுக்கோ மறைமலை நகருக்கோ உதிரிபாகம் கொடுக்கும் பட்டறையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீர்கள். ஆறு லட்ச ரூபாய் பாக்கி. போன் போட்டால் "அடுத்த வாரம் சார்" என்கிறார்கள். முதலாளி வக்கீலைத் தேடிக் கிளம்பும் முன், டெலிவரி சலானை எடுத்துப் பாருங்கள். அவர்கள் ஸ்டோர்ஸ் ஆளின் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் இருக்கிறதா? கேட் செக்யூரிட்டி கிறுக்கிய இன்ஷியல் மட்டும்தான் என்றால் வம்பு. 'சரக்கே வரவில்லை' என்று ஒரே வரியில் கைவிரிப்பார்கள்.

அடுத்தது உத்யம் பதிவு. அதை வைத்திருக்கும் குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் நல்ல பிடி. பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. கெடு எதுவும் எழுதவில்லையா? 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்க வேண்டிய இடம் ஃபெசிலிடேஷன் கவுன்சில். ஆனால் சரக்கு போன பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பில்லுக்குப் பலன் கேட்டால் சிக்கல். 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

கோர்ட் வழி என்றால், 3 லட்சம் முதல் வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்காத வழக்கை நேரே தாக்கல் செய்ய முடியாது. முதலில் சமரசப் பேச்சு. அது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சம்பிரதாயம்தானே என்று அலட்சியம் வேண்டாம். அங்கே கையெழுத்தான உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு. கோர்ட் கட்டணம் மாநிலச் சட்டப்படி: 2017-க்கு முன் நூற்றுக்கு ஏழரை, இப்போது மூன்று. ஆறு லட்சத்துக்கு 18,000 ரூபாய்.

நிறையப் பேர் கோட்டை விடுவது வழக்குப் போடும் கெடுவில். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்றே வருஷம். போனில் சொன்ன "பார்த்துக்கலாம்" அதை ஒரு நாள்கூட நீட்டாது. கெடு முடியும் முன் பாக்கிக்காரர் கையெழுத்திட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டால் கணக்கு புதிதாக ஓடும். ஆகவே மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது பாக்கி உறுதிக் கடிதத்தோடு நேரில் போய் நில்லுங்கள். அவர்கள் ஆடிட்டரும் அதைக் கேட்கிற மாதம் அது. கையெழுத்து சுலபமாக விழும்.